குங்குமம் வைத்த கிரைண்டர்

ஸரஸா எதையும் எறிவதற்கு முன் வரைந்துகொள்வாள்.

மைசூரில் ஒரு தனியார் மருத்துவமனையின் கிருமி ஆய்வகத்தில் இருபத்தேழு வருஷமாக டெக்னீஷியன். நோயாளிகளின் சளி, ரத்தம், சீழ், சதை எல்லாம் அவளிடம் வரும். அகார் என்ற ஊட்டக் கூழ் ஊற்றிய தட்டுகளில் அவற்றை விதைத்து இன்குபேட்டரின் சூட்டில் வைப்பாள். உள்ளே இருக்கும் கிருமி இரண்டொரு நாளில் கண்ணுக்குத் தெரிய வளர்ந்துவிடும். சில தட்டுகளில் நோயாளிக்குச் சம்பந்தமே இல்லாத பூஞ்சை ஒன்று காற்றிலிருந்து விழுந்து வளர்ந்திருக்கும். அதை "கன்டாமினன்ட்" என்ற ஒரு சொல்லோடு முடித்துக் குப்பைக்கு அனுப்புவதுதான் எல்லா ஆய்வகத்திலும் வழக்கம். ஸரஸாவும் அனுப்புவாள். ஆனால் அதற்கு முன் ஒரு செலோ டேப் துண்டால் அதைத் தொட்டெடுத்து, நீலச் சாயத்தில் ஒட்டி, மைக்ராஸ்கோப்பில் பார்த்து, ஒரு நோட்டில் பென்சிலால் வரைந்து தேதி போட்டுவிடுவாள். ஆய்வகத்தில் அதற்குக் "குப்பை நோட்டு" என்று பேர். இப்போது ஆறாவது நோட்டு நடக்கிறது.

யாரும் அவளை வரையச் சொல்லவில்லை. படித்த டிப்ளமோவில் பூஞ்சைக்கு இரண்டு பக்கம்தான் இருந்தது. அதற்கு முன்னால் பி.எஸ்ஸி. தாவரவியலில் பாசியும் காளானும் வரைந்து பழகிய கை. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு பெரிய படப்புத்தகத்தை இரவல் வாங்கி ஜெராக்ஸ் எடுத்துத் துணிபைண்டு போட்டுக்கொண்டாள். மிச்சமெல்லாம் தட்டுகளிடமிருந்து கற்றது. அவள் கணவர் நம்பி, வங்கியிலிருந்து ஓய்வு பெற்றவர், வருகிறவர்களிடம் சொல்லுவார்: "எங்காத்துல ஊறுகா ஜாடியில வெள்ளையா எதானும் படிஞ்சா எல்லாரும் கொட்டுவா. இவ டேப்பைத் தேடிண்டு போவா."

லிங்கப்பனின் சதை முதல் தடவை அவளிடம் வந்தது தசராவுக்கு முந்தின வெள்ளிக்கிழமை.

அந்த மருத்துவமனையில் வார்டு ஆள் கையில் கிடைக்காவிட்டால் நோயாளியின் வீட்டார் கையிலேயே ஸாம்பிளைக் கொடுத்தனுப்பிவிடுவார்கள். ஒரு பெண் மூடி போட்ட சின்ன டப்பாவை இரண்டு கைகளிலும் ஏந்திக்கொண்டு ஆய்வக ஜன்னலுக்கு வந்தாள். பச்சைச் சேலை, காலில் ஆஸ்பத்திரிக்கென்று வாங்கிய புது ரப்பர் செருப்பு.

கன்னடத்தில் ஆரம்பித்தவள், ஸரஸா உள்ளே திரும்பித் தமிழில் ஏதோ சொன்னதைக் கேட்டதும் மாறிக்கொண்டாள். "ஏனுங்க, இதைக் குடுக்கற எடம் இதுதானுங்களா?"

"இதுதான். குடுங்கோ."

"மூணு மாடி எறங்கி வந்தனுங்க. ஆடாம கொண்டு போன்னாங்க. லிப்டுல ஏறுனா ஆடுமோன்னு படியிலயே வந்துட்டேன். உள்ள என்னங்க இருக்குது?"

"உங்க வீட்டுக்காரர் மூக்குக்குள்ளேர்ந்து கிள்ளி எடுத்த சதை."

அவள் டப்பாவை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். "இத்தனூண்டுக்கா அந்தச் சத்தம் போட்டாரு!"

பேர் சாமியாத்தாள். ஊர் ஹனூர்ப் பக்கம் மார்டள்ளி. மூன்று ஏக்கர் மக்காச்சோளம், கொஞ்சம் கேழ்வரகு. லிங்கப்பனுக்கு நாற்பத்து நாலு வயது. செப்டம்பரில் ரத்தப் புற்றுநோய் என்று தெரிந்தது. முதல் சுற்றுக் கீமோ முடிந்ததும் வெள்ளை அணுக்கள் அநேகமாக ஒன்றுமில்லாமல் போய்விட்டன. அந்த நாட்களில் நமக்கு ஒன்றும் செய்யாத பூஞ்சைத் தூள்கூட மூச்சில் உள்ளே போய் வேர் விட்டுவிடும். லிங்கப்பனுக்குக் காய்ச்சல் இறங்கவில்லை. வலது கன்னம் மரத்துப்போய், கண்ணுக்குக் கீழே வீங்கியிருந்தது.

"என்னன்னு கண்டுபுடிச்சிருவீங்களாக்கா?"

"பார்க்கலாம்" என்றாள் ஸரஸா. அதற்கு மேல் அவள் யாரிடமும் சொல்வதில்லை.

சீட்டில் பூஞ்சைக்கும் பார், காசநோய்க்கும் பார் என்று எழுதியிருந்தது. சதையோ ஒரு கொத்தமல்லி விதை அளவு. காசநோய்க் கிருமி சதைக்குள் பதுங்கியிருக்கும். நைசாக அரைத்தால்தான் வெளியே வரும். அதற்கென்று கையடக்கமான ஒரு மோட்டார் கிரைண்டர் இருக்கிறது. உதவியாளர் மஞ்சுநாத் அதை "மிக்ஸி" என்பான். ஸரஸா முழுவதையும் அரைத்து, பாதியைக் காசநோய்க்கும் பாதியைப் பூஞ்சைத் தட்டுக்கும் பங்கிட்டாள். அரைத்ததில் ஒரு சொட்டை மைக்ராஸ்கோப்பில் பார்த்தபோது துணுக்குகளும் கசடும்தான் தெரிந்தன.

சனி, ஞாயிறு, திங்கள், செவ்வாய். தட்டு துடைத்துவைத்தது போல இருந்தது. செவ்வாய் மத்தியானம் "இதுவரை வளர்ச்சி இல்லை" என்று ரிப்போர்ட் போனது. ஆய்வக டாக்டர் ஸ்ரீஹர்ஷா கையெழுத்திட்டார்.

மேலே ரத்தப் புற்றுநோய்ப் பிரிவு டாக்டர் அனகா ஒரு முடிவெடுக்க அந்த ஒரு வரிக்காகத்தான் காத்திருந்தாள். லிங்கப்பனுக்குப் போய்க்கொண்டிருந்தது வோரிகோனசோல். வழக்கமாக இந்த நோயாளிகளைத் தாக்கும் பூஞ்சைக்கு அது நல்ல மருந்து. அபூர்வமாக வரும் இன்னொரு பூஞ்சைக் குடும்பம் இருக்கிறது. அதற்கு வோரிகோனசோலும் ஒன்றுதான், குழாய்த் தண்ணீரும் ஒன்றுதான். அதற்கு ஆம்போடெரிசின் வேண்டும், கூடவே கெட்டுப்போன சதையை வெட்டி எடுக்க வேண்டும். ஆம்போடெரிசின் சிறுநீரகத்தைத் தாக்கும். லிங்கப்பனின் சிறுநீரகம் ஏற்கெனவே தள்ளாடிக்கொண்டிருந்தது. ஊகத்தை வைத்துக்கொண்டு அதை ஏற்ற அனகாவுக்குக் கை வரவில்லை. வளர்ச்சி இல்லை என்று படித்ததும் பழைய மருந்தையே தொடர்ந்தாள்.

மறுநாள் ஆயுத பூஜை.

ஆய்வகத்தில் காலையிலேயே பூஜை ஆகிவிட்டது. மைக்ராஸ்கோப், ஃப்ரிட்ஜ், இன்குபேட்டர் எல்லாவற்றுக்கும் சந்தனப் பொட்டு, குங்குமம், சாமந்திச் சரம். வாசலில் மஞ்சுநாத் பூசணிக்காய்க்குள் குங்குமத்தைக் கொட்டி ஓங்கி உடைத்தான். ஒரு சில்லு வராந்தாவின் கடைசி வரைக்கும் ஓடியது. செய்தித்தாளில் பொரியும் கடலையும் பரப்பினார்கள். தட்டுகளைத் திறக்கும் உள்ளறையில் பூ வரக்கூடாது என்பது ஸரஸாவின் கண்டிப்பு. போன வருஷம் அந்தக் கண்டிப்பை மீறிப் பூ வந்து, நாலு தட்டில் பூஞ்சை விழுந்தது. இந்த வருஷம் பூச்சரங்கள் வெளியறையோடு நின்றன. ஆனால் உள்ளறை அலமாரியில் இருந்த கிரைண்டர் மட்டும் வெறுமனே இருப்பதைப் பார்த்து அவளுக்கே மனசு கேட்கவில்லை. தன் கையாலேயே அதற்குக் குங்குமம் வைத்து, ஒரே ஒரு சாமந்தியைச் செருகினாள்.

பன்னிரண்டரைக்குச் சாமியாத்தாள் வந்தாள். இந்தத் தடவை படியிலும் வரவில்லை, ஆடாமலும் வரவில்லை, லிஃப்டில் இறங்கி ஓடிவந்தாள்.

"மேல்வாயில கறுப்பா ஒரு புள்ளி வந்துருக்குதுங்க. டாக்டரம்மா டார்ச் அடிச்சுப் பார்த்தாங்க. மறுக்கா மூக்குலயே கிள்ளிக் குடுத்தாங்க. அவரு இந்த வாட்டி சத்தமே போடலீங்க்கா."

ஸரஸா டப்பாவை வாங்கிக்கொண்டாள். சத்தம் போடவில்லை என்றால் அந்த இடத்தில் உணர்ச்சி இல்லை என்று அர்த்தம். இன்னொரு துண்டு நோய்க்குறியியல் பிரிவுக்குப் போயிருந்தது. அங்கே வியாழக்கிழமை வரை லீவு.

உள்ளே போய் கிரைண்டரை எடுக்கக் கையை நீட்டினாள். பின்னாலிருந்து மஞ்சுநாத் கன்னடத்தில் அலறினான்: "மேடம், பூஜை ஆனதைத் தொடறீங்களே! இன்னிக்கு அதுக்கும் ரெஸ்ட். நாளைக்கு எடுக்கறதுதானே முறை!"

"நோயாளிக்கு ரெஸ்ட் இருக்கா மஞ்சுநாத்?" என்று கேட்டவள், பார்த்தால் கிண்ணத்துக்குள்ளேயே குங்குமம் உதிர்ந்து கிடக்கிறது. அதைக் கழுவி மறுபடி கிருமி நீக்க ஒரு மணி நேரம். சரி என்று, பூஜையில் வைக்காத ஒரு புது பிளேடு உறையைக் கிழித்தாள். சதையை ஐந்து துண்டாக நறுக்கி அகாரில் ஐந்து இடத்தில் பதித்தாள். தட்டின் அடிப்பக்கம் ஒவ்வொரு துண்டுக்கும் நேராக மார்க்கரால் ஒரு புள்ளி வைத்தாள். அது அவளுடைய பழைய வழக்கம். நறுக்கிய இடத்தை வழித்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தாள். ரிப்பன் மாதிரி அகலமாக ஒன்று மடிந்து கிடந்தது. பஞ்சு நாராகவும் இருக்கலாம். பதிவேட்டில் அதற்கு ஒரு கேள்விக்குறி போட்டாள்.

அந்தக் கேள்விக்குறி அவளோடு வீட்டுக்கு வந்தது. குழம்பில் உப்புப் போட்டோமா என்று இரண்டு தடவை ருசி பார்த்தாள்.

வியாழக்கிழமை விஜயதசமி. யானை ஊர்வலத்துக்காக அவர்கள் வீடு இருந்த அக்ரஹாரத்தைச் சுற்றிப் பாதித் தெருக்களில் தடுப்புக் கட்டியிருந்தார்கள். ஆய்வகத்தில் அவளுக்கு அன்று முறை இல்லை. எட்டு மணிக்குச் செருப்பைப் போட்டுக்கொண்டாள்.

"இன்னிக்கு யாராவது வெளில போவாளா? ஸ்கூட்டரை எடுத்தா முதல் திருப்பத்துலயே போலீஸ் நிறுத்துவான்" என்றார் நம்பி.

"நடந்தே போறேன். ஒரு தட்டைப் பார்த்துட்டு வந்துடறேன்."

"தட்டு எங்கயானும் ஓடிப்போயிடுமா?"

"ஓடற ஜாதின்னுதான் பயமா இருக்கு."

நாற்காலியும் பாயும் தூக்கிக்கொண்டு இடம் பிடிக்க வந்த கூட்டத்துக்கு எதிர்த்திசையில் முக்கால் மணி நேரம் நடந்தாள். ஆய்வகத்தில் நேற்றைய பூக்கள் அப்படியே கிடந்தன; பெருக்குகிறவளுக்கு லீவு. கையைக் கழுவினாள். கையுறை போட்டாள். ஒரு விரல் கிழிந்தது, வேறு போட்டாள். இன்குபேட்டரைத் திறந்து தட்டை எடுத்துக் கவிழ்த்துப் பிடித்தாள்.

ஐந்து புள்ளிகள். ஐந்திலும் சிலந்தி நூல் போல வெள்ளையாக ஒரு பரவல். புள்ளி இல்லாத இடத்தில் ஒன்றுமில்லை.

விஜயநகரில் வீட்டில் இருந்த ஸ்ரீஹர்ஷாவுக்குப் போன் போட்டாள். அவருக்கு முப்பத்தாறு வயது. நாலு பேர் எதிரில் அவளை மேடம் என்பார், இல்லாதபோது மாமி.

"மாமி, ஆயுத பூஜை தட்டுல பூஞ்சை வராம பொரியா வரும்? போன வருஷம் நாலு தட்டு போச்சே, மறந்துட்டேளா?"

"இந்த வருஷம் உள்ள பூ இல்லை ஸார்." சொல்லும்போதே கிரைண்டரில் செருகிய சாமந்தி கண்ணில் பட்டது. "ஒண்ணே ஒண்ணு இருக்கு."

"ஒண்ணு போறாதா? அதே ஆளு, அதே மூக்கு, போன வெள்ளிக்கிழமை ஸாம்பிள். நோ க்ரோத்துன்னு நீங்கதானே போட்டேள்? அதுல வரலை, பூஜை தட்டுல வந்துடுத்துன்னா அனகா சிரிப்பா. சனிக்கிழமை வேற ஸாம்பிள் கேப்போம். ஆத்துக்குப் போய் போளி சாப்பிடுங்கோ."

போனை வைத்துவிட்டு உள்ளறையில் நடந்தாள். இன்குபேட்டரிலிருந்து கதவு, கதவிலிருந்து இன்குபேட்டர். காற்றிலிருந்து விழுந்ததென்றால் ஐந்து புள்ளியையும் பார்த்துப் பார்த்தா விழும்? அப்படியானால் சதையில் இருந்ததுதான். அப்படியானால் வெள்ளிக்கிழமைச் சதையிலும் இருந்திருக்க வேண்டும். அதில் ஏன் வரவில்லை? அதே அகார், அதே சூடு, அதே கை.

நடையில் நாலாவது தடவையோ ஐந்தாவது தடவையோ கிரைண்டர் முன்னால் நின்றுவிட்டாள். வாடிய சாமந்தி ஒரு பக்கம் சாய்ந்திருந்தது.

வெள்ளிக்கிழமை அரைத்தாள். நேற்று நறுக்கினாள்.

மற்றப் பூஞ்சைகளின் இழை மூங்கில் மாதிரி. கணுக்கணுவாகத் தடுப்பு இருக்கும். அரைத்தாலும் நாலு கணு தப்பித்து முளைத்துவிடும். அந்த அபூர்வக் குடும்பத்தின் இழைக்குத் தடுப்பே கிடையாது. ஒரே நீளக் குழாய். ஓரிடத்தில் உடைந்தால் உள்ளே இருப்பதெல்லாம் ஒழுகி மொத்தமும் செத்துவிடும். அதை அரைக்கவே கூடாது. இது ஸரஸாவுக்குத் தெரியாததல்ல. கொரோனாக் காலத்தில் கறுப்புப் பூஞ்சை என்று ஊரெல்லாம் நடுங்கியபோது, "சதையை அரைக்காதீர்கள், நறுக்குங்கள்" என்று கன்னடத்திலும் ஆங்கிலத்திலும் எழுதி இந்தச் சுவரில் ஒட்டியவளே அவள்தான். இரண்டு வருஷத்துக்கு முன் சுவருக்கு வெள்ளையடித்தபோது காகிதத்தைக் கிழித்தார்கள். யாரும் திரும்ப ஒட்டவில்லை. அலை ஓய்ந்திருந்தது, காசநோய்ச் சீட்டுகள்தான் வந்துகொண்டிருந்தன, கை பழையபடி கிரைண்டருக்குப் போய்விட்டது.

இரண்டு வருஷம். அந்த இரண்டு வருஷத்தில் எத்தனை சதை? அந்தக் கேள்வி எழுந்ததும் அதை அப்படியே அமுக்கினாள். முதலில் மூன்றாம் மாடி.

மறுபடி போன் போட்டு ஸ்ரீஹர்ஷாவிடம் சொன்னாள். அவர் அந்தப் பக்கம் டிவியின் சத்தத்தைக் குறைத்தார்.

"அந்த ரிப்போர்ட்ல என் கையெழுத்து இருக்கு மாமி."

"தெரியும் ஸார்."

"ஸ்போர் வரட்டும். அதை வெச்சுப் பேர் தெரிஞ்சா நானே பேசறேன்."

"பேர் வர ரெண்டு நாள் ஆகும். அது மேல்வாயிலேர்ந்து கண்ணுக்கு ஏற ரெண்டு நாள் வேண்டாம்."

"அனகா முதல் கேள்வியே கேப்பா, போன தடவை ஏன் வரலைன்னு. என்ன சொல்லட்டும்?"

"ஸரஸா அரைச்சுட்டான்னு சொல்லுங்கோ."

அவர் யோசித்துக் கூப்பிடுவதாகச் சொன்னார். அவள் பத்து நிமிஷம் பொறுத்தாள். அதற்குள் தட்டின் அடிப்பக்கத்தை மொபைலில் நாலு படம் எடுத்தாள், கையை இரண்டு தடவை கழுவினாள், நேற்றைய பொரியைக் கூட்டி ஒதுக்கினாள். டெக்னீஷியன் நேராக வார்டு டாக்டரிடம் போய் முடிவு சொல்கிற வழக்கம் அங்கே கிடையாது. இருபத்தேழு வருஷத்தில் அவள் ஒரு தடவைகூடப் போனதில்லை. போன் வரவில்லை. கோட்டைப் போட்டுக்கொண்டு படியேறினாள்.

அனகா வார்டு மேஜையில் நின்றபடியே எழுதிக்கொண்டிருந்தாள். ஸரஸா படத்தைக் காட்டி, புள்ளிகளைக் காட்டி, வெள்ளிக்கிழமை செய்ததையும் அது ஏன் தப்பு என்பதையும் சொன்னாள். "முதல் ரிப்போர்ட்டை நம்ப வேண்டாம் டாக்டர். அது வளராததில்லை. நான் கொன்னுட்டேன்."

அனகா படத்தை விரலால் பெரிதாக்கிப் பார்த்தாள். "நேத்து மட்டும் ஏன் அரைக்கலை? ஞாபகம் வந்துடுத்தா?"

ஆமாம் என்று சொல்லிவிடலாம். வாய் வரைக்கும் வந்தது.

"இல்லை. கிரைண்டருக்குப் பூஜை ஆகியிருந்தது."

அனகா நிமிர்ந்தாள். திட்டப் போகிறாளா சிரிக்கப் போகிறாளா என்று தெரியவில்லை. அதற்குள் அவள் போன் அடித்தது. ஸ்ரீஹர்ஷா. அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள்; நடுவில் "இங்கதான் நிக்கறா" என்றாள்; கடைசியில் "ஸரி, நீ எழுத்துல குடு" என்று வைத்தாள். ஒரு நிமிஷம் லிங்கப்பனின் சிறுநீரக எண்களையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு நர்ஸைக் கூப்பிட்டாள். வோரிகோனசோல் நிறுத்தம். ஆம்போடெரிசின் இப்போதே. காது மூக்கு தொண்டை ஸர்ஜன் எங்கே இருந்தாலும் தடுப்பைத் தாண்டி வரட்டும்.

வராந்தாவில் சாமியாத்தாள் எழுந்து நின்றாள். "ஏனுங்க, வந்துருச்சுங்களா?"

"வந்திருக்கு."

"வந்தா நல்லதுங்களா கெட்டதுங்களா?"

"என்னன்னு தெரிஞ்சா மருந்தை மாத்தலாம். இப்ப மாத்தறா." ஸரஸா போயிருக்கலாம். போகவில்லை. "போன வெள்ளிக்கிழமையே தெரிஞ்சிருக்கணும்மா. நான் அதை அரைச்சுட்டேன். அரைச்சிருக்கக் கூடாது."

சாமியாத்தாள் கட்டைவிரலால் மற்ற விரல்களைத் தொட்டுக்கொண்டே வந்தாள். வெள்ளி, சனி, ஞாயிறு, திங்கள், செவ்வாய், புதன். வியாழனில் நின்றது. ஸரஸாவின் முகத்தைப் பார்த்தாள். கோட்டில் ஒட்டியிருந்த பொரி ஒன்றைப் பார்த்தாள். அதை எடுத்துக் கீழே போட்டாள்.

"அவருகிட்ட இப்பச் சொல்லிப்போடாதீங்க. கோவக்காரரு. கத்துனாருன்னா மூக்குல ரத்தம் வந்துரும்."

மறுநாள் காலை ஸர்ஜன் லிங்கப்பனின் வலது மேல்தாடையில் பாதியையும் கன்ன எலும்பில் கொஞ்சத்தையும் எடுத்தார். கண் தப்பியது. அன்றே நோய்க்குறியியல் ரிப்போர்ட்டும் வந்தது: ரத்தக் குழாய்ச் சுவருக்குள் அகலமான இழைகள். சனிக்கிழமை ஸரஸாவின் தட்டில் பூஞ்சை மூடியை முட்டிக்கொண்டு நின்றது. டேப்பால் தொட்டு, நீலத்தில் ஒட்டிப் பார்த்தாள். உருண்டைத் தலை, தலையெல்லாம் முள் மாதிரி காம்பு, ஒவ்வொரு காம்பிலும் ஒரே ஒரு விதை. ஆறு குப்பை நோட்டையும் முதல் பக்கத்திலிருந்து புரட்டினாள். ரொட்டியில் வருவது, வெல்லத்தில் வருவது, சாமந்தியில் வருவது, ஏ.சி. குழாயில் வருவது என்று எல்லாம் இருந்தன. இந்த ஆய்வகத்தின் காற்று இருபத்தேழு வருஷத்தில் ஒரு தடவைகூட இந்த உருவத்தைக் கொண்டுவந்ததில்லை. ஜெராக்ஸ் புத்தகத்தில்தான் இருந்தது, அந்த அபூர்வக் குடும்பத்தின் பக்கத்தில்: குன்னிங்ஹாமெல்லா.

ஸ்ரீஹர்ஷா மைக்ராஸ்கோப்பில் குனிந்து நெடுநேரம் பார்த்தார். "நான் இதைப் பரீட்சைக்குத்தான் படிச்சிருக்கேன்" என்றார். புது ரிப்போர்ட்டில், முந்தைய மாதிரி அரைக்கப்பட்டதால் அதன் முடிவைக் கணக்கில் கொள்ள வேண்டாம் என்று ஒரு வரியை அவரே சேர்த்துக் கையெழுத்திட்டார். "போளி சாப்பிடச் சொன்னேன், இல்லையா?" என்று மட்டும் கேட்டார். அவள் ரிப்போர்ட்டை வாங்கி உறையில் போட்டாள்.

அடுத்த வாரம் பதிவேட்டை எடுத்து அமுக்கி வைத்த கேள்விக்குப் போனாள். வெள்ளையடித்த நாளுக்கு அப்புறம் பூஞ்சைக்கும் காசநோய்க்கும் சேர்த்து வந்து, அரைத்து, "வளர்ச்சி இல்லை" என்று போனவை முப்பத்தெட்டு. அதில் ரத்தப் புற்றுநோய் வார்டிலிருந்து வந்தவை ஒன்பது. ஒன்பது பேரில் நாலு பேர் இப்போது இல்லை. அந்த நாலு பேரின் சதையிலும் ஏதாவது இருந்ததா, இல்லையா? அதைச் சொல்ல இனி எந்தத் தட்டும் கிடையாது. பட்டியலை ஸ்ரீஹர்ஷாவின் மேஜையில் வைத்தாள். அவர் அதை அனகாவுக்கும் மேலிடத்துக்கும் அனுப்பினார். விசாரணை நடந்தது, அவள் விளக்கம் எழுதிக் கொடுத்தாள், இனி பூஞ்சைச் சதை தனி டப்பாவில், தனிச் சீட்டில் வரவேண்டும் என்று உத்தரவு வந்தது. வீட்டில் நம்பி இரண்டு நாள் அவளைக் கேலி செய்யவில்லை. அதுவே அவளுக்குத் தாங்கவில்லை.

இந்தத் தடவை காகிதத்தைச் சுவரில் ஒட்டவில்லை. கிரைண்டரின் மூடியிலேயே ஒட்டினாள்.

தீபாவளி கழிந்து சாமியாத்தாள் மறுபடி டப்பாவோடு வந்தாள். லிங்கப்பனின் சிறுநீரகம் இரண்டு தடவை பயமுறுத்திவிட்டு நிலைக்கு வந்திருந்தது. வெள்ளை அணுக்கள் ஏறியிருந்தன. அடுத்த சுற்றுக் கீமோ கொடுத்தால்தான் ரத்தப் புற்று அடங்கும். பூஞ்சை மிச்சமிருந்தால் அந்தக் கீமோவில் அது ஆளைத் தின்றுவிடும். வெட்டிய இடத்தின் விளிம்பிலிருந்து எடுத்த சதை டப்பாவில் இருந்தது. ஸ்கேன் சுத்தம். பாக்கி ஸரஸாவின் தட்டுதான்.

நறுக்கினாள். ஐந்து துண்டு, ஐந்து புள்ளி. முதல் நாள் நாலு தடவை இன்குபேட்டரைத் திறந்தாள். இரண்டாம் நாள் மஞ்சுநாத், "மேடம், சூடு பூரா வெளியே போகுது" என்று கதவுக்குக் குறுக்கே நின்றான். மூன்றாம் நாள் ஒரு புள்ளியின் மேல் வெள்ளையாக ஏதோ தெரிந்தது. வெளிச்சத்தில் சாய்த்தால் மூடியில் வேர்த்த நீர். வாழ்நாளில் வேறெந்தச் சொல்லையும்விட அதிகமாக அவள் எழுதிய சொல் "வளர்ச்சி இல்லை". அதை எழுத வேண்டும் என்று இப்போதுதான் முதல் தடவை ஆசைப்பட்டாள். இந்தத் தடவைதான் கை வரவில்லை. ஐந்தாம் நாள் ஸ்ரீஹர்ஷா, "அது ஓடற ஜாதி மாமி. இருந்தா எப்பவோ வந்திருக்கும். குடுத்துடலாம்" என்றார். "நாளைக்கு" என்றாள். ஆறாம் நாளும் நாளைக்கு என்றாள்.

ஏழாம் நாள் சாமியாத்தாள் ஜன்னலில் நின்றாள்.

"மொளைக்கலீங்களாக்கா?"

"இன்னும் இல்லை."

"எங்க காட்டுல சோளம் போட்டு ஏழாம் நாளு மொளைக்கலீன்னா வெதை செத்துப்போச்சுன்னு வேற ஊனுவம். இதுக்கு எத்தனை நாளுங்க?"

"இதுக்கு மூணே நாள்தான்."

"அப்பறம் ஏனுங்க வெச்சிருக்கறீங்க?"

ஸரஸா இன்குபேட்டர் பக்கம் திரும்பிப் பார்த்தாள். சாமியாத்தாள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினாள்.

"இந்த வாட்டி அரைக்கலீங்கல்ல?"

"இல்லை. நறுக்கினேன்."

"அப்ப எழுதிக் குடுங்க்கா. மேல டாக்டரம்மா மருந்தைக் கலக்காம உக்காந்துருக்குது. அவரு வேற, பாதி வாயை வெச்சுக்கிட்டுக் காலையில இருந்து என்னைத் திட்டிக்கிட்டே இருக்கறாரு. நல்லாத்தான் இருக்கறாருன்னு நெனைக்கறேன்."

ஸரஸா உள்ளே போனாள். தட்டை இன்னொரு தடவை கவிழ்த்துப் பார்த்தாள். ஐந்து புள்ளி, ஐந்து உலர்ந்த துண்டு. மேஜையில் குனிந்து, வளர்ச்சி இல்லை, ஏழு நாள் என்று எழுதினாள். அதற்குக் கீழே இதுவரை எந்த ரிப்போர்ட்டிலும் எழுதாத ஒரு வரியைச் சேர்த்தாள்: சதை நறுக்கி விதைக்கப்பட்டது, அரைக்கப்படவில்லை. ஸ்ரீஹர்ஷா கையெழுத்திட்டதும், மை காய்வதற்கு முன்பே சீட்டைச் சாமியாத்தாளிடம் நீட்டினாள். அவள் அதை இரண்டு கைகளிலும் ஏந்தி வாங்கிக்கொண்டு, லிஃப்டைப் பார்த்தாள், பிறகு படியில் ஏறினாள்.

மஞ்சுநாத் குப்பைக்குப் போகும் தட்டுகளை வாளியில் அடுக்கிக்கொண்டிருந்தான். கையை நீட்டினான். ஸரஸா கொடுக்கவில்லை. தட்டைத் திரும்ப இன்குபேட்டரில் வைத்துக் கதவைச் சாத்தினாள்.